ஜிப்ஸியில் கிளட்ச் நழுவல், இரண்டாம் கியர் தெறிப்பு: கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி தோட்டம்

வணக்கம். என்னிடம் 2006-ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி கிங் உள்ளது, 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீச்சும்) இன்ஜின், ஐந்து கியர். தோட்டத்திலிருந்து பச்சைத் தேயிலையை மேலே உள்ள சாலைக்கு ஏற்றி வருவதும், உர மூட்டைகளைக் கீழே இறக்குவதுமே அதன் அன்றாட வேலை. பாதை முழுவதும் உருட்டுக் கல். நடுவில் ஓர் ஓடையும் உண்டு. முன்பு வைத்திருந்தவர் 235/75 ஆர்15 அளவு டயர்களை மாட்டியிருந்தார். அவை நல்ல நிலையில் இருப்பதால் அப்படியே ஓடுகின்றன.

இப்போது மூன்று தொல்லைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பாரத்துடன் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் உயர்கிறது, வேகம் கூடுவதில்லை, கருகல் வாசனையும் வருகிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. மலைப்பாதையில் இது எவ்வளவு ஆபத்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதாக, வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்கிறது.

ஒரு மெக்கானிக் கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர், கியர் பாக்ஸைத் திறந்து பார்ப்பதே வீண் செலவு, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து பழைய பாக்ஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். பறிப்புக் காலத்தில் வண்டியை இரண்டு முறை இறக்கி ஏற்ற என்னால் முடியாது. எதைச் செய்வது சரி?

பதில்: மேட்டுப்பாளையம் பட்டறை

வணக்கம் ஐயா. பிளேட்டா, பாக்ஸா என்று முடிவு செய்வதற்கு முன்பு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் உள்ளன. ஸ்பேனரைக் கையில் எடுக்காமலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் கிளட்ச் பெடலைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஜிப்ஸியில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெறுமையான ஆட்டம் இருக்க வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) எந்நேரமும் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்டும் நழுவும். ஆட்டம் சரியாக இருந்தும் நழுவினால், கோளாறு உள்ளேதான்.

அடுத்து, சமதரையில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்காம் கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் நழுவல் உறுதி. இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், பிளேட் சூடேறிப் பளபளப்பாகிவிடும்.

நியூட்ரல் இரைச்சலுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. இரைச்சல் கேட்கும்போது கிளட்சை முழுவதுமாக மிதியுங்கள். மிதித்தவுடன் சத்தம் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாப்ட் (இன்ஜின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) பேரிங்கையோ அதனுடன் சுழலும் கீழ் ஷாப்ட்டின் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும்; கிளட்சை மிதித்தால் அந்த ஷாப்ட்டுகள் நின்றுவிடும், அதனால் சத்தமும் நிற்கிறது. மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். மிதித்த நிலையில் சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரையும் போட்டுப் பாருங்கள். கரகரவென்று உராய்ந்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள்.

கடைசியாக, வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். விரலில் எடுத்து முகர்ந்தால் தெரிந்துவிடும்: கெட்டியாக, கந்தக நெடியுடன் இருந்தால் கியர் ஆயில்; கறுத்து, நீர்த்து இருந்தால் இன்ஜின் ஆயில். இந்த வேறுபாடுதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கப் போகிறது. முடிவுகளை எழுதுங்கள்.

பதில்: வால்பாறை ஜீப்

பட்டறை நண்பர் சொன்னவற்றுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கியர் தெறிப்பதற்குக் காரணம் எப்போதும் பாக்ஸின் உள்ளேதான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஜிப்ஸியில் கியர் லிவர் பாக்ஸின் மேலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கிறது; லிவரைச் சுற்றித் தடித்த ரப்பர் மேட்டைப் போட்டிருந்தால், கியர் முழு ஆழத்துக்கு விழாமல் அரைகுறையாக நிற்கும், காலை எடுத்தவுடன் வெளியே வந்துவிடும். கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதுவே நடக்கும், ஏனெனில் இன்ஜின் பின்னிழுக்கும்போது பாக்ஸ் அசைகிறது, லிவரோ தரையில் உள்ள ஓட்டையின் விளிம்பில் முட்டுகிறது. மேட்டை எடுத்துவிட்டு ஒரு முறை இறங்கிப் பாருங்கள். கீழே வருபவர்கள் இல்லாத, சரிவு குறைந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

புதுப்பேட்டை பாக்ஸைப் பற்றி: நான் அதற்கு முற்றிலும் எதிரானவன் அல்லன். ஆனால் 1985-இல் வந்த முதல் ஜிப்ஸியில் 970 சி.சி. இன்ஜினும் நான்கு கியர் பாக்ஸும் இருந்தன. ஐந்து கியர் பின்னால் வந்தது. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பது தெரியாமல் வாங்கினால், உங்கள் பேரிங் கோளாற்றைக் கொடுத்துவிட்டு இன்னொருவருடைய சிங்க்ரோ (கியர் மாறும்போது சுழல் வேகங்களைச் சமன்செய்யும் வளையம்) கோளாற்றை வாங்கிவந்ததாக முடியும். மேசையின் மேல் வைத்துக் கையால் சுழற்றிப் பார்க்கும் பாக்ஸ் எதுவும் சத்தம் போடாது.

கோத்தகிரி தோட்டம்

இருவருக்கும் நன்றி. பெடல் ஆட்டம் சரியாக இருக்கிறது. நான்காம் கியரில் இன்ஜின் அணையவில்லை. கிளட்சை மிதித்தவுடன் இரைச்சல் நின்றுவிடுகிறது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. பெல் ஹவுசிங்கின் அடியில் மண்ணுடன் குழைந்த எண்ணெய் இருந்தது. துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தபோது புதிதாக ஒரு சொட்டு தொங்கியது, கந்தக நெடி நன்றாகத் தெரிந்தது. மேட்டை எடுத்த பிறகும் இரண்டாம் கியர் தெறிக்கிறது, ஆனால் முன்பைவிடக் குறைவு.

பதில்: மேட்டுப்பாளையம் பட்டறை

அப்படியானால் உங்கள் கிளட்ச் தொல்லையின் வேர் கியர் பாக்ஸில்தான் இருக்கிறது. இன்புட் ஷாப்ட்டின் பேரிங் தேய்ந்து, ஷாப்ட் ஆடத் தொடங்கியிருக்கிறது. ஆடும் ஷாப்ட்டைச் சுற்றி ஆயில் சீல் நெடுநாள் தாங்காது. சீல் வழியே கியர் ஆயில் கசிந்து பிளேட்டில் படுகிறது, எண்ணெய் பட்ட பிளேட் நழுவுகிறது. இந்தப் பாக்ஸுக்கு மொத்தமே ஏறத்தாழ 1.3 லிட்டர் ஆயில்தான் என்பதால், கொஞ்சம் கசிந்தாலும் மட்டம் இறங்கி, பேரிங் மேலும் கெடும். பிளேட்டை மட்டும் மாற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால், புதுப் பிளேட்டும் அதே எண்ணெயில் நனைந்து அடுத்த பருவத்துக்குள் மீண்டும் நழுவியிருக்கும்.

ஆகவே பாக்ஸை ஒரு முறை இறக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஜிப்ஸியில் ட்ரான்ஸ்பர் கேஸ் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தனியாகச் சட்டத்தில் மாட்டப்பட்டிருப்பதால் அதைத் தொடவே வேண்டியதில்லை. நடுவில் உள்ள சிறிய ப்ரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்றினால் பாக்ஸ் மட்டும் தனியே இறங்கிவிடும். ஆயிலை வடிக்கும்போது முதலில் ஊற்றும் போல்ட்டைத் திறந்து, அது சுழல்கிறது என்று உறுதி செய்த பிறகே வடிகால் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு மேல் போல்ட் திருகாமல் மாட்டிக்கொண்டால் ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்றுவிடும். வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது. மஞ்சள் நிறத் தூள் மினுமினுத்தால் சிங்க்ரோனைசர் ரிங்குகள் தேய்கின்றன. இரும்புச் சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

பாக்ஸைத் திறந்ததும் பேரிங்குகளையும் சீல்களையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். இரண்டாம் கியருக்கு, கியரை ஷாப்ட்டுடன் பிணைக்கும் ஸ்லீவின் பற்களையும் கியரின் பக்கப் பற்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கூர்மை போய் உருண்டிருந்தால் தெறிப்புக்கு அதுவே காரணம், அவ்விரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்லீவைத் தள்ளும் ஷிப்ட் போர்க்கின் தேய்மானத்தையும், அந்தப் போர்க்கின் ஷாப்ட்டைப் பிடித்து நிறுத்தும் குண்டு, ஸ்பிரிங் ஆகியவற்றையும் பாருங்கள். ஸ்பிரிங் மலிவு, பழையதை மறுபடி போடுவதில் பொருளில்லை. சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தி இடைவெளியை அளந்தால், புதியதில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கிளட்ச் பக்கத்தில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரு செட்டாக வாங்குங்கள். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும். பிளைவீலில் (கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கும் இன்ஜின் சக்கரம்) நீலப் புள்ளிகளோ முடி போன்ற விரிசல்களோ தெரிந்தால் லேத்துக்கு அனுப்புங்கள், விரிசல் ஆழமென்றால் மாற்றிவிடுங்கள். கிராங்க் ஷாப்ட்டின் பின் சீல், இன்புட் ஷாப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இரண்டும் அப்போதுதான் கைக்கு எட்டும். அவற்றை விட்டுவிட்டு மூடுவது பைத்தியக்காரத்தனம்.

ஏற்றும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிளேட்டை நடுமையம் பார்த்து இறுக்கிய பிறகு, பாக்ஸின் எடை இன்புட் ஷாப்ட்டின் மேல் ஒரு நொடிகூடத் தொங்கக் கூடாது. ஷாப்ட் பிளேட்டில் பாதி நுழைந்த நிலையில் போல்ட் தேடுவதற்காகப் பாக்ஸை அப்படியே விட்டால், பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பிறகு புதுக் கிளட்ச் அதிர்வதற்கும் முழுதாக விடுபடாததற்கும் யார் காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஜாக்கி தாங்கட்டும், இரண்டு பேர் நிற்கட்டும்.

பதில்: வால்பாறை ஜீப்

ஆயில் வாங்கும்போது ஜி.எல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) கேளுங்கள். ஜி.எல்-5 உயர்ந்தது என்று கடைக்காரர் கொடுக்கக்கூடும். அதில் உள்ள கந்தகச் சேர்க்கைகளில் பல, சிங்க்ரோ ரிங்கின் பித்தளையை அரிக்கக்கூடியவை. கடின வேலைக்கான ஆக்சிலுக்கு அது சரி, கியர் பாக்ஸுக்கு வேண்டாம்.

டயரையும் மறந்துவிடாதீர்கள். இந்த வண்டியுடன் வந்த 205/70 ஆர்15 டயரைவிட உங்களுடையது விட்டத்தில் ஏறத்தாழ பத்து விழுக்காடு பெரியது. அந்த அளவுக்கு எல்லாக் கியர்களும் நீண்டுவிட்டன. இந்த இன்ஜினின் இழுவிசை 4,500 சுற்றுகளில்தான் உச்சத்தை எட்டும், கீழ்ச் சுற்றுகளில் பலம் குறைவு. பாரத்துடன் கல் பாதையில் புறப்படும்போது, இன்ஜினை உறுமவிட்டுப் பாதிக் கிளட்சில் நகர்த்த வேண்டிய கட்டாயம் அதனால்தான் வருகிறது. ட்ரான்ஸ்பர் கேஸில் ஹையின் (வேகத்துக்கான நிலை) விகிதம் 1.409, லோவின் (இழுவைக்கான நிலை) விகிதம் 2.268, லோவில் போட்டால் அதே இன்ஜின் சக்கரத்துக்கு அறுபது விழுக்காடு கூடுதல் விசையைத் தரும், கிளட்சை முழுதாக விட்டுவிட்டு நிதானமாக ஏறலாம். வண்டி சிக்கிக்கொண்டால் மட்டுமே லோ என்று பலர் வைத்திருக்கிறார்கள். தோட்டப் பாதை முழுவதையும் லோவில் ஓட்டுங்கள்; தார்ச் சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஹைக்கும் இரு சக்கர இயக்கத்துக்கும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும்.

ஓடைக்குள் இறங்குவதற்கு முன்பே கியரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் கிளட்சைத் தொடாமல் கடந்துவிடுங்கள். மிதித்தால் பிளேட்டுக்கும் பிளைவீலுக்கும் இடையே சேற்றுத் தண்ணீர் புகும். ஏறி இறங்கிச் சூடாக இருக்கும் பாக்ஸ் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும் இந்த வாய்ப்பிலேயே பிரீதருக்கு (பாக்ஸ் காற்று வாங்கும் துளை) ஒரு நீளக் குழாயைப் போட்டு இன்ஜின் அறையின் மேல்பக்கம் கொண்டுபோய்க் கட்டச் சொல்லுங்கள். குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்ட வேண்டும்.