நாலு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை: பழக்கினால் வருமா?

செந்தில்_கோவை
என் மகளுக்கு நாலு வயது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குலாப் ஜாமூனைத் தட்டில் வைத்து, "அப்பா திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் ரெண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். ரெண்டு நிமிடத்தில் தட்டு காலி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் தொடங்கிய மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி ஒரு மிட்டாய்) சோதனை இதுதான். அங்கே 15 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். கூடுதல் நேரம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990ல் எழுதினார்கள். அதனால் தினமும் ஒருமுறை இப்படிப் பழக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மீனா_ரெண்டு_வாலு
செய்யாதீங்க சார். அந்த எஸ்ஏடி கணக்கு நூறுக்கும் குறைவான பிள்ளைகளை வைத்துப் போட்டது, எல்லோரும் பல்கலைக்கழக வளாகத்து நர்சரியில் படித்தவர்கள். 2018ல் டைலர் வாட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துப் பார்த்தது. நாலரை வயதில் காத்திருந்ததற்கும் 15 வயதுப் படிப்புக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் பழைய ஆய்வில் சொன்னதில் பாதிதான். குடும்பச் சூழல், தாயின் படிப்பு, குழந்தையின் ஆரம்பத் திறன் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் ரெண்டு பங்கு போய்விட்டது. மிஞ்சியதும் பெரும்பாலும் 20 விநாடி காத்திருந்தார்களா இல்லையா என்பதில்தான் இருந்தது. உங்கள் மகள் ரெண்டு நிமிடம் இருந்தாளே! அந்தக் குழந்தையைத் தினமும் பரீட்சைக்கு உட்கார வைக்கப் போகிறீர்களா?

செந்தில்_கோவை
மதிப்பெண்ணை விடுங்கள். எங்கள் வீட்டில் விநாயகர் சதுர்த்தி அன்று காலையிலிருந்து கொழுக்கட்டை வாசனை வரும், படையல் போட்டுத் தீபம் காட்டும்வரை ஒரு பிள்ளை கை வைக்காது. பாட்டி அடித்ததும் இல்லை, பொறுமையைப் பற்றிப் பேசியதும் இல்லை, ஆனாலும் ஏழு பேரப்பிள்ளைகளும் காத்திருந்தோம். இன்றைக்கு என் மகள் ஒரு விளம்பரம் ஐந்து விநாடி ஓடினாலே போனைத் தட்டுகிறாள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வேல்முருகன்_83
செந்தில் சொல்வதுதான் சரி. கேமரூனில் ந்சோ இனத்துப் பிள்ளைகளையும் ஜெர்மன் பிள்ளைகளையும் வைத்து இதே சோதனையைச் செய்தார்கள், 2018ல் வெளிவந்தது. பத்து நிமிடம் முழுக்கக் காத்திருந்த ந்சோ பிள்ளைகள் பத்துக்கு ஏழு பேர், ஜெர்மன் பிள்ளைகள் பத்துக்கு மூன்று பேர். சில ந்சோ பிள்ளைகள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள். அங்கே அம்மா சொன்னால் சொன்னதுதான். நாம் பிள்ளை கேட்டதும் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பொறுமை எங்கே என்று தேடுகிறோம்.

கலா_டீச்சர்
நான் 14 வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஒரு பையன் மதியம் முட்டையைத்தான் முதலில் வாயில் போடுவான், சோறு அப்புறம்தான். பொறுமை இல்லை என்று நானும் நினைத்தேன். விசாரித்தால் வீட்டில் மூன்று அண்ணன்கள், தட்டில் மிச்சம் வைத்தால் போய்விடும். அவன் கணக்கு சரியான கணக்கு.

2013ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளிடம் முதலில் "நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன், இரு" என்று சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேரிடம் வெறும் கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஸ்டிக்கருக்கும் அப்படியே. அதற்குப் பிறகுதான் மார்ஷ்மெல்லோ வைத்தார்கள். சொன்னது கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் இருந்தார்கள், ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். செந்தில், பாட்டி தீபம் காட்டியதும் கொழுக்கட்டை கைக்கு வந்துவிடும் என்று ஏழு பேருக்கும் தெரியும். "நாளைக்கு வாங்கித் தரேன்" என்று நாம் ஒரு வாரத்தில் எத்தனை முறை சொல்கிறோம், அதில் எத்தனை வாங்கித் தருகிறோம்?

வேல்முருகன்_83
நம்பிக்கை வேண்டும்தான் டீச்சர், மறுக்கவில்லை. ஆனால் சொன்னதையெல்லாம் வாங்கிக் கொடுக்கும் வீட்டிலும் கடை வாசலில் புரண்டு அழுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். 'இல்லை' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்வதே கிடையாது. நம்பிக்கை மட்டும் போதும் என்றால் அந்தப் பிள்ளை ஏன் அழுகிறது?

கலா_டீச்சர்
அதை ஒத்துக்கொள்கிறேன். 'இல்லை' என்றால் இல்லைதான் என்பதும் நம்பக்கூடிய வார்த்தைதானே. அரை மணி நேரம் அழுததும் கொடுத்துவிட்டால், அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

மீனா_ரெண்டு_வாலு
இன்னொன்று. கொழுக்கட்டை எங்கே இருந்தது சார்? பூஜை அறையில், மூடி போட்டு. நீங்கள் ஜாமூனை மூக்குக்குக் கீழே வைத்தீர்கள். மிஷெலின் 1970 ஆய்விலேயே ரெண்டு தின்பண்டமும் கண்முன் இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாங்கினார்கள், மறைத்து வைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல் இருந்தார்கள். சிலர் பாட்டுப் பாடினார்கள், சிலர் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்கள். வேறு எதிலாவது மனம் போனால் காத்திருப்பது எளிது, அதைத்தான் நாம் சொல்லித்தர முடியும். என் சின்னவனிடம் குக்கர் விசில் எண்ணச் சொல்வேன், நாலாவது விசில் வரும்வரை சோற்றைக் கேட்க மாட்டான்.

செந்தில்_கோவை
டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ரெண்டு வாரமும் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, ஆபீஸ் வேலை. மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுதும்போதுதான் உறைக்கிறது. ஜாமூன் சோதனையை நிறுத்திவிடுகிறேன். போன் விஷயத்தில் மட்டும் நான் வேல்முருகன் பக்கம்தான், சாப்பாடு முடிந்த பிறகு 20 நிமிடம், அதில் மாற்றம் இல்லை. நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு ஊஞ்சல் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்தரைக்கே கிளம்பிவிடுவேன்.