மிருதங்கம் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா?

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் நாலைந்து பெற்றோர் சேர்ந்து, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டு, வயலின், மிருதங்க வகுப்புகள் நடத்துகிறோம். மிருதங்க சாருக்கு மணிக்கட்டு வலி. தை மாதத்தோடு நின்றுவிட்டார்.

14 பிள்ளைகள் அந்தரத்தில் நிற்கிறார்கள். 'தா தீ தொம் நம்' என்ற முதல் பாடம் தாண்டி ஆதி தாளப் பாடத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். போன சனிக்கிழமை ஒரு பொடியன் தானே ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத் தோலில்) அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது காய்ந்து உதிரும்வரை தனியாக வாசித்துக்கொண்டே இருந்தான். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சனி, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் வந்தால் போதும். பெரிய வித்வான்தான் வேண்டும் என்றில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 வருடம் முடித்தவர், திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படிப்பவர், யாரானாலும் சரி. பிள்ளைகளைக் கை நீட்டி அடிப்பவர் மட்டும் வேண்டாம் (அப்படி ஒருவர் வந்து ஒரே வாரத்தில் போன கதை தனி). சம்பளம் பெரிதாக இருக்காது, பஸ் செலவு தனியாகத் தந்துவிடுவோம்.

அப்புறம், மூன்று மிருதங்கத்துக்கு வலந்தலை (வலது பக்கத் தோல்) மாற்ற வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் நியாயமான கூலிக்குச் செய்பவர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.