கஸ்டமருக்கு மெயில் எழுதணும், தப்பு எங்க பக்கம்தான். நாளைக்கு காலைல 10 மணிக்குள்ள, உதவி பண்ணுங்க (டர்பன், தென்னாப்பிரிக்கா)

நெல்லைப்பொண்ணு_டர்பன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் டர்பன் வந்து எட்டு மாசம் ஆகுது, ஒரு சின்ன ரெஃப்ரிஜரேஷன் சர்வீஸ் கம்பெனில ஆபீஸ் வேலை, கஸ்டமர் போன் எடுக்கறது, டெக்னீஷியனை அனுப்பறது, மெயில் போடறது எல்லாம் நான்தான். சாட்ஸ்வொர்த்ல ஒரு ஸ்வீட்மீட் கடை எங்க கஸ்டமர். அவங்க கோல்ட் ரூமுக்கு வருஷ கான்ட்ராக்ட் இருக்கு, எமர்ஜென்சின்னா 4 மணி நேரத்துல ஆள் வரும்னு அதுல எழுதியிருக்கு.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4:10-க்கு கடைக்காரர் போன் பண்ணாரு. ஏரியால கரண்ட் போய் வந்துச்சு, அதுக்கப்புறம் மெஷின் ஓடல, 9 டிகிரி காட்டுது, ஏறிக்கிட்டே இருக்குன்னாரு. தீபாவளி நெருங்கற நேரம், உள்ள பூரா பனீர், கிரீம், பார்சல்ல போட வேண்டிய பர்ஃபி. நான் உடனே டெக்னீஷியனுக்கு அடிச்சேன், அவர் "ஐ வில் பி தேர் ஜஸ்ட் நவ்"னு சொன்னாரு. நானும் 4:31-க்கு கடைக்காரருக்கு "ஆள் கிளம்பிட்டாரு, ஒரு மணி நேரத்துல வந்துருவாரு"ன்னு மெயில் போட்டுட்டு 5 மணிக்கு ஆபீஸ் பூட்டிட்டு கிளம்பிட்டேன்.

டெக்னீஷியன் ஊருக்கு வடக்க டோங்காட்ல வேற வேலைல இருந்திருக்காரு, அது முடியவே ராத்திரி ஆயிடுச்சு, மறுநாள் காலைல 9:20-க்குதான் கடைக்குப் போயிருக்காரு. கணக்கு போட்டா 17 மணி 10 நிமிஷம். ராத்திரி அவசர நம்பரும் அவரோடதுதான், அதை அவர் எடுக்கல. ரிப்பேர் 11:05-க்கு முடிஞ்சுது, ஆனா 18,000 ரேண்ட் சரக்கு போச்சுன்னு கடைக்காரர் சொல்றாரு. இன்னைக்கு காலைல மெயில், "என்ன நடந்ததுன்னு எழுத்துல குடுங்க"ன்னு ஒரே வரி.

நான் எழுதினது இதான் (மெயில் இங்கிலீஷ்லதான் போகும், இங்க தமிழ்ல சொல்றேன்): "மதிப்பிற்குரிய ஐயா, தவிர்க்க முடியாத காரணங்களாலும் லோட்ஷெடிங் காரணமாகவும் எங்கள் சேவையில் தாமதம் ஏற்பட்டது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து ஒத்துழைக்கவும். எப்போதும் சிறந்த சேவையை உறுதி செய்கிறோம்." லோட்ஷெடிங் (மின் கம்பெனி அட்டவணை போட்டு பண்ற கரண்ட் கட்) வரி பாஸ் போடச் சொன்னது. இதை அனுப்ப எனக்கு மனசு வரல, ஆனா வேற எப்படி எழுதறதுன்னும் தெரியல. நேத்துல இருந்து சாப்பாடே இறங்கல.

பீனிக்ஸ்_அண்ணன்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. இந்த ஊர்ல "ஜஸ்ட் நவ்"னா இப்பவேன்னு அர்த்தம் கிடையாது. அப்புறமா, கொஞ்ச நேரம் கழிச்சு, சில சமயம் இன்னைக்குள்ள எப்பவாவதுன்னு கூட அர்த்தம். "நவ் நவ்"னு சொன்னா அதைவிட சீக்கிரம். அவர் பொய் சொல்லல, நீயும் பொய் சொல்லல, ஆனா நடுவுல போன மெயில்ல உண்மை இல்லாத வரி ஒண்ணு இருக்கு. ஊர்ல இருந்து வர்ற எல்லாருக்கும் இது நடக்கும், எனக்கு 2009-ல நடந்துச்சு, ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்திருந்தேன். இனிமே யார் "ஜஸ்ட் நவ்"னாலும் "எத்தனை மணி, இப்ப எங்க இருக்கீங்க"ன்னு ரெண்டையும் கேட்டுட்டு எழுது.

லோட்ஷெடிங் வரியை தூக்கிடு. அன்னைக்கு லோட்ஷெடிங் இருந்துச்சா? இல்லேல்ல? கடைக்காரர் போன்லயும் எஸ்கொம்-சே-புஷ்னு எங்க எப்ப லோட்ஷெடிங்னு காட்டற ஆப் இருக்கும், இந்த நாட்டுல கடை வச்சிருக்கிற யார்கிட்டதான் இல்ல, ரெண்டு செகண்ட்ல பார்த்துருவாரு. அதுக்கப்புறம் மீதி மெயில்ல நீ எழுதற எதையும் அவர் நம்ப மாட்டாரு. பாஸ்கிட்ட இதை அப்படியே சொல்லு. நான் போட்டோகாப்பி மெஷின் சர்வீஸ்ல பதினஞ்சு வருஷமா கஸ்டமருக்கு மெயில் எழுதறேன், பொய்க் காரணம் எழுதி ஒரு கான்ட்ராக்ட்டும் தங்கினதில்ல.

பேக்கரி_அக்கா:

நான் கடைக்காரி, அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்ம்மா. கோபப்படாத. உன் மெயில்ல எனக்கு வலிக்கிற இடம் லேட்டு இல்ல, அந்த 4:31 மெயில். ஆள் ஒரு மணி நேரத்துல வருதுன்னு எழுத்துல வந்தா நான் என்ன பண்ணுவேன், கோல்ட் ரூம் கதவைத் திறக்கவே மாட்டேன், திறந்தா இருக்கிற குளிரும் போயிடும்ல. அப்படியே சாத்தி வச்சுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். "இன்னைக்கு வர முடியாது"ன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு மணிக்கெல்லாம் எங்க சித்தி வீட்டு ஃபிரிட்ஜ், பக்கத்து கடை ஃபிரீசர், ஐஸ் பாக்கெட்னு ஓடியிருப்பேன், பாதி சரக்காவது தப்பிச்சிருக்கும். அவர் எழுத்துல கேக்கறதே அதுக்காகத்தான் இருக்கும். மெயில்ல அந்த வரியைப் பத்தி நீ பேசலன்னா மீதி எல்லாம் அவருக்கு காத்துல போன பேச்சு.

அப்புறம் "அசௌகரியம்"னு எழுதாத. எட்டு தட்டு பர்ஃபியை குப்பைல கொட்டறது அசௌகரியம் இல்ல. தீபாவளிக்கு பார்சல் வாங்க வர்றவங்க மூஞ்சியைப் பார்த்து "இல்லம்மா"ன்னு சொல்லணும் பாரு, அது வேற மாதிரி.

நெல்லைப்பொண்ணு_டர்பன்:

அக்கா, நீங்க சொன்னதுதான் நடந்திருக்கு. ராத்திரி 8 மணி வரைக்கும் கதவைத் திறக்கலன்னு அவர் மனைவி போன்ல சொன்னாங்க. அப்போ 18,000 ரேண்டையும் நாங்க குடுக்கறோம்னு எழுதிடலாமா? எழுதினா மனசு லேசாகும் போல இருக்கு.

ஜோபர்க்_வாசி:

வேண்டாம்மா, அதை மட்டும் எழுதிடாத! நான் இன்சூரன்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல இருக்கேன். உங்க கம்பெனிக்கு லயபிலிட்டி பாலிசி (நம்மால அடுத்தவங்களுக்கு நஷ்டம் வந்தா அதுக்கான இன்சூரன்ஸ்) இருந்தா, இன்சூரன்ஸ்காரங்க சம்மதம் இல்லாம பொறுப்பு ஏத்துக்கக்கூடாது, தொகை ஒத்துக்கக்கூடாதுன்னு சாதாரணமா ஒரு கண்டிஷன் இருக்கும். நீ "நாங்க குடுக்கறோம்"னு எழுதிட்டா அவங்க கிளெய்மையே தட்டிவிட வாய்ப்பு இருக்கு, அப்போ கடைக்காரருக்கும் நஷ்டம்தான். பாஸை இன்னைக்கே புரோக்கருக்கு போன் பண்ணச் சொல்லு, மெயில் போறதுக்கு முன்னாடி.

அதுக்காக மன்னிப்பே கேக்கக்கூடாதுன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் இதை ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. லேட்டா வந்தது நடந்த விஷயம், தப்பான தகவல் குடுத்தது நடந்த விஷயம், ரெண்டையும் நேரத்தோட எழுதி மன்னிப்பு கேளு. சரக்கோட மதிப்பை யார் குடுக்கறதுங்கறது தனி. அதுக்கு "உங்க கிளெய்ம் வந்து சேர்ந்தது, சரக்கு லிஸ்ட், போட்டோ, வாங்கின பில் அனுப்புங்க, இன்சூரன்ஸுக்கு குடுக்கறோம், வியாழக்கிழமை 12 மணிக்குள்ள எந்த நிலைல இருக்குன்னு நானே போன்ல சொல்றேன்"னு எழுது. மேல "வித்தவுட் பிரிஜுடிஸ்"னு (இதை பின்னாடி எங்களுக்கு எதிரா காட்டக்கூடாதுங்கற மாதிரி) தலைப்பு போடச் சொல்லி யாராவது கிளம்புவாங்க, அது சமரசப் பேச்சுக்கு போடறது. மன்னிப்பு மெயில் மேல போட்டா படிக்கறவருக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு பாஸுக்கு சொல்லு. இந்த நாட்டோட 2008-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 54-வது பிரிவுல, சேவை உரிய நேரத்துல நடக்கணும், தவிர்க்க முடியாத தாமதம்னா அதை உரிய நேரத்துல சொல்லணும்னு ரெண்டுமே இருக்கு. செய்யலன்னா குறையைச் சரி பண்ணச் சொல்லியோ, கட்டின பணத்துல நியாயமான பகுதியை திருப்பிக் கேட்டோ கஸ்டமர் வரலாம். கஸ்டமர் ஒரு வியாபாரமா இருந்தாலும் பொருந்தும், அது வருஷ வரவும் சொத்து மதிப்பும் 20 லட்சம் ரேண்டுக்கு கீழ இருக்கிற சின்ன கம்பெனின்னா. அதனால "தவிர்க்க முடியாத காரணம்"னு எழுதி தப்பிக்கவும் வழியில்ல, நீங்க சொல்லவே இல்லையே.

பேக்கரி_அக்கா:

தம்பி, நீங்க சொல்றது சட்டத்துக்கு சரி, ஆனா பணத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லாம மெயில் வந்தா எனக்கு கழட்டிவிடற மாதிரிதான் தோணும். லிஸ்ட் அனுப்பு, போட்டோ அனுப்புன்னா வேலையும் என் தலைலதானே.

ஜோபர்க்_வாசி:

அக்கா சொல்றது நியாயம். அப்போ இப்படி பண்ணலாம், அந்த விசிட்டோட கால்-அவுட் சார்ஜும் இந்த மாச கான்ட்ராக்ட் பணமும் வேண்டாம்னு பாஸ் இன்னைக்கே முடிவு பண்ணலாம், அது சேவைக்கான பணம், சரக்கு கிளெய்ம் வேற. ஆனா புரோக்கர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு. அந்தத் தொகையை மெயில்ல எண்ணால எழுதுங்க, "தகுந்த சலுகை"ன்னு எழுதாதீங்க. லிஸ்ட் எடுக்க கடைக்கே ஆள் அனுப்பலாம், அவர் எழுத வேண்டியதில்ல.

கம்ப்ரசர்_மாமா:

என்ன கெட்டுச்சுன்னு எழுதலையேம்மா? மாத்தின பார்ட்டு என்ன?

நெல்லைப்பொண்ணு_டர்பன்:

கான்டாக்டர் காயில் எரிஞ்சிருந்துச்சாம் மாமா. டெக்னீஷியன் பழசை ஆபீஸுக்கு கொண்டு வந்தாரு, என் மேஜை மேலதான் இருக்கு. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உருகி கருப்பா வழிஞ்சிருக்கு, மூணு நாள் ஆகியும் வாடை போகல. கப்பாசிட்டரும் மாத்தியிருக்காரு, வேற ஒண்ணும் எனக்கு புரியல.

கம்ப்ரசர்_மாமா:

சரி, அதை கடைக்காரருக்கு புரியற மாதிரி எழுது: "கம்ப்ரசருக்கு கரண்ட் குடுக்கற பெரிய சுவிட்ச் எரிஞ்சு போச்சு, அதை மாத்தியாச்சு". கரண்ட் போய் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஒரு குதி குதிக்கும், காயில் அதுல அடிபடும். இன்னொண்ணு, நின்ன கம்ப்ரசர்ல ரெண்டு பக்கம் பிரஷர் சமமாக நாலஞ்சு நிமிஷம் ஆகும், அதுக்கு முன்னாடி மறுபடி ஸ்டார்ட் ஆச்சுன்னா இழுக்கற கரண்ட் பல மடங்கு ஏறும், கரண்ட் விட்டு விட்டு வந்தா இதே திரும்பத் திரும்ப. அதனால ஒரு டிலே டைமரும், வோல்டேஜ் கூடினா குறைஞ்சா கட் பண்ற ரிலேவும் போடணும், கான்ட்ராக்ட்ல இருக்கிற இடத்துல இது ஏற்கெனவே இருந்திருக்கணும். "மறுபடி நடக்காம பார்த்துக்கறோம்"னு எழுதறதுக்குப் பதிலா "புதன்கிழமை வந்து இதை மாட்டறோம், இதுக்கு பணம் இல்ல"ன்னு எழுது. பாஸ் சம்மதிச்சா மட்டும். தீபாவளிக்கு முன்னாடி கரண்ட் மறுபடி போகாதுன்னு யார் சொல்ல முடியும்.

பீனிக்ஸ்_அண்ணன்:

ரெண்டு சின்ன விஷயம். நேர்ல அவரை அங்கிள்னு கூப்பிட்டிருப்ப, இங்க எல்லாரும் அப்படித்தான், மெயில்ல மிஸ்டர் போட்டு குடும்பப் பேரு எழுது. அவர் பில்லுல எப்படி எழுதியிருக்காரோ அதே ஸ்பெல்லிங். 1860-ல இருந்து நம்ம ஊர்ல இருந்து ஒப்பந்தக் கூலியா கப்பல்ல வந்தவங்க பேரை கிளார்க் காதுல விழுந்தபடி எழுதி வச்சது, ஒரே பேரு நாலு விதமா இருக்கும், மாத்தி எழுதினா அவங்க தாத்தா பேரை மாத்தற மாதிரி. இன்னொண்ணு, மெயிலுக்கு முன்னாடி போன் பண்ணு. "இன்னும் அரை மணில எழுத்துல வருது அங்கிள், அதுக்கு முன்னாடி என் வாயால சொல்லணும்னு நினைச்சேன்"னு. அதுக்கு தைரியம் வேணும், ஆனா பண்ணு.

நெல்லைப்பொண்ணு_டர்பன்:

ராத்திரி உக்காந்து திருப்பி எழுதினேன். பாஸ்கிட்ட மாமா, அண்ணன், ஜோபர்க்காரர் சொன்னது எல்லாத்தையும் காட்டினேன், லோட்ஷெடிங் வரியை அவரே அடிச்சுட்டாரு, புரோக்கர்கிட்டயும் பேசிட்டாரு. இப்ப இப்படி இருக்கு:

"வெள்ளிக்கிழமை 16:10-க்கு நீங்கள் அழைத்தீர்கள். ஒப்பந்தப்படி எங்கள் ஆள் 20:10-க்குள் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை 09:20-க்குத்தான் வந்தார். 16:31-க்கு நான் அனுப்பிய மெயிலில் அவர் கிளம்பிவிட்டதாக எழுதினேன். அது உண்மை இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று உறுதி செய்யாமல் எழுதினேன். அதை நம்பி நீங்கள் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றாமல் காத்திருந்தீர்கள். இதற்காக உங்களிடமும் உங்கள் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." அதுக்கு அடுத்து சுவிட்ச் எரிஞ்சது, மாத்தினது, புதன் காலை 8 மணிக்கு டைமரும் ரிலேவும் மாட்ட வர்றது. அப்புறம் கால்-அவுட் 950 ரேண்டும் இந்த மாச 1,400 ரேண்டும் கிடையாதுங்கறது, சரக்கு லிஸ்ட் எடுக்க நாளைக்கே நான் நேர்ல வர்றேங்கறது, இன்சூரன்ஸ் நிலவரம் வியாழன் 12 மணிக்குள்ளங்கறது. கடைசில என் பேரு, என் செல் நம்பர்.

"நம்பி காத்திருந்தீர்கள்"ங்கற வரி இருக்கலாமா ஜோபர்க்காரரே? பாஸ் அதுல தயங்கறாரு.

ஜோபர்க்_வாசி:

"எங்க தகவலால 20:00 மணி வரை காத்திருந்ததா உங்க மனைவி சொன்னாங்க"ன்னு மாத்திக்கோ. அவங்க சொன்னதை நீ பதிவு பண்ற, மறுக்கல. புரோக்கருக்கு ஒரு காப்பி அனுப்பிட்டு அனுப்பு. "அது உண்மை இல்லை"ங்கற வரி பயமாத்தான் இருக்கும், ஆனா அது அவர் கைல ஏற்கெனவே இருக்கிற மெயில், மறைக்க அதுல ஒண்ணும் இல்ல.

பேக்கரி_அக்கா:

இந்த மெயில் எனக்கு வந்திருந்தா முழுசா படிச்சிருப்பேன்ம்மா. சாப்பிட்டியா?

நெல்லைப்பொண்ணு_டர்பன்:

சாப்பிட்டேன் அக்கா. போன் 9 மணிக்கு பண்ணேன், மெயில் 9:35-க்கு போச்சு. போன்ல அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "நீ அன்னைக்கு ஏன்மா திரும்ப ஒரு போன் பண்ணல"ன்னு மட்டும் கேட்டாரு, எனக்கு பதில் சொல்ல வரல, அழுதுட்டேன். மத்தியானம் மெயிலுக்கு பதில் வந்துச்சு, நாளைக்கு 3 மணிக்கு மேல லிஸ்ட் எடுக்க வா, அதுக்கு முன்னாடி கடைல கூட்டம்னு. கான்ட்ராக்ட் தொடருமான்னு அவர் சொல்லல, நானும் கேக்கல. ராத்திரி நம்பரை ஒரே ஆள்கிட்ட விடக்கூடாதுன்னு பாஸ்கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்.

மாமா, ரிலே மாட்ட பழைய போர்டுல இடம் பத்தாதுன்னு டெக்னீஷியன் சொல்றாரு, தனியா ஒரு சின்ன பாக்ஸ் வச்சா போதுமா? கோல்ட் ரூம் சுவர்லயே வைக்கலாமா, இல்ல ஈரம் படாத இடம் பார்க்கணுமா?

கம்ப்ரசர்_மாமா:

கோல்ட் ரூம் சுவர்ல வேண்டாம், தண்ணி வேர்க்கும். கம்ப்ரசர் இருக்கிற பக்கம், தரைல இருந்து ஒரு ஆள் உசரத்துல, மூடி ரப்பர் வச்ச பாக்ஸ். மாட்டினதுக்கப்புறம் மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் ஸ்டார்ட் ஆகுதான்னு கடைக்காரர் கண் முன்னாடி காட்டச் சொல்லு.