மறுமொழி: ஸ்கேவஞ்சிங் என்பதற்குப் ‘புகைவாரல்’

குழுவினருக்கு வணக்கம். வாகனச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், சிலிண்டரில் தங்கும் எரிந்த வாயுவை வெளியேற்றும் ‘ஸ்கேவஞ்சிங்’ என்ற காரியத்துக்கு ஒரு சொல் சொல்லவே இந்த மறுமொழி.

‘ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்’ (புகையைத் தடையில்லாமல் வெளியேற்றும் குழாய்) என்பதற்கு இங்கே வந்த ‘தடையிலாப் போக்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால், குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பட்டறைகளில் இப்போது நடப்பதும் அதுதான். பழைய ஹோண்டா சிட்டி விடெக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “சைலன்சரைக் கழட்டிட்டுப் பெரிய பைப்பா போடுங்க” என்கிறார்கள். சத்தம் கூடுகிறது, குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுற்றுவேகத்தில்) பிக்கப் போய்விடுகிறது. “இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும், அதான்” என்று விளக்கமும் கிடைக்கும்.

அந்த விளக்கம் தப்பு. பேக் பிரஷர், அதாவது வெளியேறும் புகையை எதிர்க்கும் எதிரழுத்தம் (‘பின்னழுத்தம்’ என்றால் பின்னாலிருந்து தள்ளிவிடுவது போலக் கேட்கிறது, எனக்கு ஒப்பவில்லை) இன்ஜினின் வலுவைக் கூட்டாது. புகையை வெளியே தள்ளப் பிஸ்டன் படும் பாட்டைத்தான் கூட்டும். குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தபோது உண்மையில் தொலைந்தது புகையின் வேகம். அந்த வேகத்தோடு தொலைந்த காரியத்தின் பெயர்தான் ஸ்கேவஞ்சிங்.

நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லை எடைபோட உதவும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. சூடான வாயுவில் அது நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும். குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்கு, அதாவது கலெக்டருக்கு (‘கூடுவாய்’ எனலாமா?), வந்ததும் குறையழுத்த அலையாகத் திரும்புகிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றும், புதுக் கலவையும் கூடவே உள்ளே வரும். எந்த ஆர்பிஎம்மில் இது ஒத்துவரும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது. நீண்ட குழாய் கீழ் வேகத்துக்கு, குட்டைக் குழாய் மேல் வேகத்துக்கு. நான்கு சிலிண்டரில் 1-3-4-2 என்ற எரிவரிசை (சிலிண்டர்கள் எரியும் முறை) இருந்தால், நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் 4-2-1 ஹெடரில் (இன்ஜினை ஒட்டிய புகைக்குழாய்த் தொகுப்பில்) 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாகவும், 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு ஜோடியாகவும் சேர்ப்பார்கள். ஒன்றின் புகை மற்றதன் வேலையைக் கெடுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இனி ஸ்கேவஞ்சிங்குக்கான சொல்லுக்கு வருவோம். ‘துப்புரவு’ என்றால் மெக்கானிக் கார்பன் எடுப்பதைத்தான் நினைப்பார். ‘இழுப்பு’ அழகான சொல், ஆற்றில் இழுப்பு என்கிறோம். ஆனால் “வண்டி இழுக்கல” என்ற பேச்சு ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

என் பரிந்துரை ‘புகைவாரல்’. டெல்டாக்காரனுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்காலில் தூர்வாருகிறோம். பழையதை வாரி எடுத்தால்தான் புதுத் தண்ணீருக்கு இடம். சிலிண்டரிலும் கதை அதுதான்.

ஒரு நண்பர் முன்வைத்த ‘அலைவாரல்’ நான்கு ஸ்ட்ரோக்குக்குப் பொருந்தும். ஆர்எக்ஸ் 100 பைக் போன்ற இரண்டு ஸ்ட்ரோக்கில் எரிந்ததை முதலில் தள்ளுவது உள்ளே வரும் புதுக் கலவை. எக்ஸ்பான்ஷன் சேம்பரின் (நடுவில் பருத்த புகைக்குழாயின்) அலை அதற்குத் துணைதான். எது வாரினாலும் ‘புகைவாரல்’ நிற்கும், ‘அலைவாரல்’ நிற்காது. நன்றாக ஓடும் பெட்ரோல் வண்டியில் புகையே தெரியாதே என்று ஒரு கேள்வி வரலாம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்க அந்த வண்டியும் போகத்தானே செய்கிறது!

டர்போ வண்டி தனிக்கதை. புகையால் சுழலும் டர்பைன் நடுவில் நிற்பதால் அலையின் விளையாட்டு குறைவு. டர்போவுக்குப் பிறகு எதிரழுத்தம் குறையக் குறைய நல்லது. அங்கே பெரிய டவுன்பைப்புக்கு (டர்போவிலிருந்து புறப்படும் புகைக்குழாய்க்கு) நியாயம் உண்டு. இந்த வேறுபாட்டைக் கலைச்சொல் விளக்கத்தில் ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.

புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியை (கேட்டலிடிக் கன்வெர்ட்டரை) கழற்றுவதையும் ‘தடையிலாப் போக்கு’ என்ற தலைப்பில் யாரும் எழுதிவிடாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியில் அதை எடுத்தால் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியலாம், சட்டப்படியும் குற்றம்.

‘வாரல்’ என்ற வேர் இன்னோர் இடத்திலும் உதவும். ரேஸ் வண்டிகளின் டிரை சம்ப்பில் (இன்ஜின் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பில்) எண்ணெயை உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பும் ஸ்கேவஞ்ச் பம்ப்பை ‘எண்ணெய்வாரி’ என்றே சொல்லிவிடலாம். மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து