செவித்திறன் இழந்த தாளக் கலைஞருக்கு இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது எப்படி?

கேள்வி:
ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனி, 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர் என்று படித்தேன். அவர் சுருதியை எவ்வாறு அறிகிறார், லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் அவரை எவ்வாறு சேர்த்துக்கொண்டது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பள்ளியில் ஆசிரியர் டிம்பனி முரசை அடிக்கும்போது, சுவரில் கைகளை ஊன்றி அதிர்வை உணர்ந்து பழகியவர் அவர். தாழ்ந்த ஒலிகளைக் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்த ஒலிகளை முகம், கழுத்து, மார்பு ஆகியவற்றிலும் உணர்வதாக அவரே எழுதியிருக்கிறார். மேடையில் அவர் வெறுங்காலுடன் நிற்பது அதற்காகவே.

மறுமொழி 2:
சேர்க்கை பற்றிய செய்திதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. செவித்திறன் இல்லாதவருக்கு இத்துறையில் எதிர்காலம் உண்டா என்ற ஐயத்தால் அகாடமி முதலில் அவரை மறுத்தது. வாசிப்பின் தரத்தை மட்டுமே வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடியதால் மீண்டும் தேர்வு நடந்து, 1982இல் இடம் கிடைத்தது. இதன் விளைவாக, உடற்குறையைக் காரணம் காட்டி எந்த விண்ணப்பத்தையும் தள்ளாமல், ஒவ்வொருவரின் வாசிப்பையும் கேட்ட பின்னரே தீர்மானிக்கும் முறை பிரிட்டன் இசைக் கல்லூரிகளில் வந்தது என்று அவர் கூறியிருக்கிறார்.

மறுமொழி 3:
படிப்பு முடிந்தபின் வேலை வேண்டுமே! இங்கிலாந்தின் போர்ன்மவுத் சிம்பனி இசைக்குழு (பிஎஸ்ஓ) 2018இல் மாற்றுத்திறனாளிகளின் தலைமையில் 'பிஎஸ்ஓ ரிசவுண்ட்' என்னும் தொழில்முறைக் குழுவைத் தொடங்கியது. மூளை முடக்குவாதம் உள்ள ஜேம்ஸ் ரோஸ், இசை நடத்துநர் கையில் பிடிக்கும் கோலுக்குப் பதிலாக, தலையசைவால் இயக்கும் கோலைக் கொண்டு அக்குழுவின் இசையை நடத்தினார். அதே ஆண்டு பிபிசி ப்ராம்ஸ் இசைவிழாவிலும் அக்குழு வாசித்தது.