ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்வது பற்றி

கேள்வி: ஆசிரியை, மட்டக்களப்பு

வணக்கம். எமது பாடசாலையின் தரம் 10 மாணவரைக் கல்விச் சுற்றுலாவாகக் கண்டிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். இவர்கள் கடலையும் வயலையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். காலையும் மாலையும் தேநீர் குடித்தாலும், அந்தத் தூள் எப்படி உருவாகிறது, யாருடைய கைகளில் உருவாகிறது என்பதை நேரில் கண்டதில்லை. ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையை மட்டும் காட்டினால் போதுமா, அல்லது இயங்கும் தொழிற்சாலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? ஓர் இரவு கண்டியில் தங்க முடியும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர், தலவாக்கலை

இரண்டும் வேண்டும், ஆசிரியை அவர்களே. முதலில் நூதனசாலை, மறுநாள் தொழிற்சாலை என்ற ஒழுங்கே நல்லது. ஹந்தானைக் கட்டடம் 1925இல் தேயிலைத் தொழிற்சாலையாகவே கட்டப்பட்டது. பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த பின், தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் புதுப்பித்ததால் 2001இல் நூதனசாலையாயிற்று. உள்ளே நுழையுமுன் பிள்ளைகளை வெளியில் நிறுத்தி, நான்கு மாடிகளிலும் ஏன் இத்தனை யன்னல்கள் என்று கேளுங்கள். அக்காலத்தில் மேல்மாடிகளில் சணல்துணித் தட்டுகளை அடுக்கி, அவற்றில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, மலைக்காற்றை உள்ளே விட்டே வாட்டினார்கள். பின்னர்தான் அடியிலிருந்து விசிறியால் காற்றடிக்கும் நீண்ட தொட்டிகள் வந்தன. இதை அறிந்து உள்ளே சென்றால் கட்டடமே முதற் பாடமாகிவிடும்.

ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட வரலாறும் பழைய இயந்திரங்களும் அங்கே உள்ளன. ஆனால் நின்றுபோன இயந்திரம் எதையும் மணக்கச் செய்யாது. தேயிலையைப் புரிந்துகொள்ளக் கண்ணை விட மூக்கே உதவும் என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாடிய கொழுந்து, உருட்டும் இயந்திரத்தில் நசுங்கிச் சாறு வெளிப்பட்டதும், காற்றுப் பட்டுப் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகும்; பச்சிலை வாடை போய்ப் பழ வாசனை எழும்; அந்த மாற்றத்தை எந்தக் கட்டத்தில் நிறுத்தி அடுப்புக்கு அனுப்புவது என்பதில்தான் தொழிற்சாலை அதிகாரியின் திறமை முழுவதும் இருக்கிறது. சற்றுப் பிந்தினால் தேநீர் சுவையற்றுப் போகும். முந்தினால் பச்சை நாற்றம் நிற்கும். சூடேற்றி ஈரப்பதத்தைச் சுமார் 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகு சலித்துத் தரம் பிரிப்பது எளிதில் விளங்கிவிடும்.

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று நூதனசாலை மூடியிருக்கும். ஞாயிறன்று பெரும்பாலும் கொழுந்து எடுப்பதில்லை என்பதால், திங்கள் காலையில் தொழிற்சாலைகளிலும் உருட்டும் வேலை இராது. ஏனைய நாட்களில் காலையிலேயே சென்றுவிடுங்கள்.

பதில்: ஆசிரியர், ஹட்டன்

ஐயா கூறிய அனைத்தும் சரியே. ஆயினும், "யாருடைய கைகளில்" என்று ஆசிரியை கேட்ட பகுதிக்கு ஹந்தானையில் முழுமையான விடை கிடைக்காது. அங்கே துரைமாருக்கும் இயந்திரங்களுக்கும் கிடைத்திருக்கும் இடம், தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலேயே கொள்ளைநோய்க்குப் பலரைப் பறிகொடுத்த எம் முன்னோருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு நீண்டகால மனவருத்தம். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயன் அறைகளைச் செப்பனிட்டு அமைத்த தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று இருக்கிறது. அதையும் அவசியம் காட்டுங்கள். அங்கே செல்லுமுன், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை எவ்வாறு நாடற்றவராக்கியது என்பதை வகுப்பில் ஒரு பாடவேளையாவது விளக்கிவிட்டால், பிள்ளைகள் பார்ப்பது என்னவென்று அறிந்து பார்ப்பார்கள்.

ஒரு கணக்கையும் கொடுங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால், ஒரு பெண் நாள் முழுதும் சரிவில் நின்று எடுத்த கொழுந்து நான்கு கிலோ தூளாகிறது. அதன் கடை விலையையும் அவருடைய நாட்சம்பளத்தையும் அருகருகே எழுதச் சொல்லுங்கள்.

மறுமொழி: ஆசிரியை, மட்டக்களப்பு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கைக் கட்டாயம் செய்விப்பேன். எந்தத் தொழிற்சாலை வழியில் அமையும்? கொழுந்து எடுக்கும் அம்மாமாருடன் பிள்ளைகள் பேசலாமா?

பதில்: வாசகர், கண்டி

முதல் நாள் ஹந்தானை. அது நகரிலிருந்து சில கிலோமீற்றர்தான், எனினும் பாதை செங்குத்தானது, வளைவுகளும் அதிகம். மறுநாள் நுவரெலியா வீதியில் செல்வதாயின் கம்பளையைப் பார்த்துவிட்டு றம்பொடையைக் கடந்து லபுக்கலை வரை போகலாம். அங்குள்ள தொழிற்சாலையைப் பார்வையாளருக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் ஏற நேரமில்லையென்றால், கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையிலுள்ள கெரகம தொழிற்சாலை அருகில் இருக்கிறது. பெரிய குழு என்பதால் எங்கும் முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்துவிடுங்கள்.

தாராளமாகப் பேசலாம், பேசும் மொழி ஒன்றாக இருப்பது உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பேறு. ஆனால் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மறித்து நிறுத்த வேண்டாம். அவர்கள் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் நிறுவையில் குறையும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அதை நிறுத்துக் கொடுத்து, பேர் பதிந்து முடிந்த பிறகு பேசுங்கள். படம் எடுப்பதாயின் முதலில் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.