இருவர் ஆடும் ‘தி க்ரூ’: கவிழ்ந்த சீட்டில் மாட்டிக்கொள்கிறோம்

‘தி க்ரூ’ என்பது எல்லோரும் ஒரே அணியாக ஆடும் சீட்டாட்டம்; நானும் மனைவியும் ஆடுவது 2019-இல் வந்த விண்வெளிப் பதிப்பு. மூன்றாவது கை ஜார்விஸ் என்ற ஆளில்லாத கை, அதன் சீட்டுகளையும் நாங்களே இறக்குவோம்: 7 சீட்டுகள் திறந்தும், அவற்றின் அடியில் 7 கவிழ்ந்தும் இருக்கும். மூன்று பணி அட்டைகள் (இன்ன சீட்டை இன்னார் பிடிக்க வேண்டும் என்பவை) வரும் கட்டத்திலிருந்து தொடர்ந்து தோல்வி. பிடிக்க வேண்டிய சீட்டு கவிழ்ந்தவற்றில் இருந்தால், அது வெளிவருவதற்குள் அந்த நிறத்தில் எங்கள் பெரிய சீட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. ஜார்விஸிடம் கடைசியில் ஒரு சீட்டு ஆடாமலே மிஞ்சும். சில நாள் அதுவேதான் பணிச்சீட்டு!

ராக்கெட் துருப்புகளைக் கடைசிவரை வைத்திருந்தோம். முதல் பிடிக்கு முன்பே ரேடியோ வில்லையை (கையிலுள்ள ஒரு சீட்டைப் பற்றிக் கூட்டாளிக்குக் குறிப்புக் காட்டும் வில்லை) வைத்துப் பார்த்தோம். (பேசக்கூடாது, மனைவியின் புருவம் மட்டும் பேசும்.) ஜார்விஸின் சிறிய சீட்டுகளை முதலில் இறக்கியும் பயனில்லை.

பணிச்சீட்டு கண்ணில் படாதபோது, ஜார்விஸின் எந்தச் சீட்டை முதலில் நகர்த்துவீர்கள்?